ஏரிக்கரையில் எங்கள் மிதிவண்டி

மேலை நாடுகளில் இன்று 'கிராவல் பைக்' என்னும் ஒருவகை மிதிவண்டி பெரும்புகழ் பெற்று விளங்குகிறது. 'கிராவல்' என்றால் சரளைக்கல். தார்ச் சாலையை விட்டு விலகி, சரளை கொட்டிய பாதையிலும், மண்பாதையிலும், காட்டுத் தடத்திலும், ஆற்றங்கரையிலும் நெடுந்தூரம் செல்வதற்கென்றே அமைந்த வண்டி இது. இதன் விலையோ நம் ஊர்ச் சாதாரண சைக்கிளைப் போலப் பல மடங்கு. அப்படியிருக்க, முத்தாபுதுப்பேட்டையில் படிக்கும் மாணவியருக்கும் அந்த வண்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அந்த வண்டி ஓடுவதற்கேற்ற பாதை நம் வாசலிலேயே இருக்கிறது. அந்த வண்டியின் முக்கியமான பாகம் ஒன்று நம் தாத்தாவின் கறுப்பு சைக்கிளிலும் இருக்கிறது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வெளிநாட்டுக் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். இத்தாலி நாட்டின் டஸ்கனிப் பகுதியில், வெள்ளை நிறச் சரளை பரப்பிய பழைய கிராமப் பாதைகள் பல உண்டு. அவையெல்லாம் தார்ச் சாலைகளாகி மறைந்துவிடக் கூடாதே என்ற கவலையில், 1997ஆம் ஆண்டு 'லெரோயிகா' என்ற மிதிவண்டி விழாவைத் தொடங்கினார்கள். பழைய காலத்து வண்டிகளில் அப்பாதைகளில் ஓட்டுவதே அந்த விழா. பின்னர் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு சரளைப் பாதையில் நெடுந்தூரப் பந்தயம் ஒன்று தொடங்கியது. 2022ஆம் ஆண்டு முதல் உலகச் சாம்பியன் போட்டியே இத்தாலியில் நடைபெற்றது. அதில் மகளிருக்கான 140 கிலோமீட்டர் போட்டியில் வென்றவர் பிரான்சு நாட்டு வீராங்கனை போலின் ஃபெர்ராண்-பிரெவோ. இவரே 2024ஆம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் மலைப்பாதை மிதிவண்டிப் போட்டியில் தங்கம் வென்றவர்.

பந்தயத்தைவிட எங்களைக் கவர்ந்தது, பந்தயமின்றிச் சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களின் பயணமே. இத்தாலியின் மிக நீண்ட ஆறாகிய போ, கடலில் கலக்கும் கழிமுகத்திற்குச் சற்றுத் தெற்கே ரவென்னா என்ற பழம்பெரும் நகரம் உள்ளது. அதையடுத்த கிளாஸ்ஸே என்னும் இடத்தில் கி.பி. 549ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்ட புனித அப்பொலினாரிஸ் பேராலயம் இன்றும் நிற்கிறது. அப்பகுதியில் பைன் மரக் காடுகள் உண்டு. இடைக்காலத்தில் துறவற மடங்களே அக்காடுகளை வைத்துப் பேணின. குடை விரித்தாற்போல் நிற்கும் அந்தப் பைன் மரத்தின் கொட்டை உணவாகும் என்பதும் அதற்கு ஒரு காரணம். காட்டை ஒட்டியே நீர் தேங்கிய சதுப்பு நிலம். மிதிவண்டியில் போகிறவர்கள் காலையில் பைன் நிழலிலும், சற்று நேரத்தில் நாணல் நடுவிலும், பிறகு பூநாரைகள் மேயும் உப்பங்கழி ஓரத்திலும் போகிறார்கள்.

இதை எங்கள் புவியியல் சிஸ்டர் வகுப்பில் வரைபடம் காட்டி விளக்கியபோது, "நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இதே பூநாரை வருகிறது, எங்கே சொல்லுங்கள்?" என்று கேட்டார். பழவேற்காடு என்று ஒருத்தி மட்டும் சொன்னாள். ஆம், குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரியில் கூட்டங்கூட்டமாய் இறங்கும் பெரிய பூநாரையும், மத்திய தரைக்கடல் ஓரத்தில் வாழும் பூநாரையும் ஒரே இனம். பைன் மரம் மட்டும்தான் நம்மிடம் இல்லை. அதன் இடத்தில் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பு இருக்கிறது. சவுக்கு பார்ப்பதற்குப் பைன் போலவே ஊசி ஊசியாய்த் தோன்றினாலும் அது பைன் இனம் அன்று, பூக்கும் தாவரம். அந்த 'ஊசி' உண்மையில் இலையே அன்று, கணுக்கணுவாய் அமைந்த மெல்லிய கிளை. இழுத்தால் கணுவில் கழன்று வரும். மறுபடி சொருகி விளையாடாத பிள்ளைகள் உண்டோ! பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் இஞ்சினுக்கு விறகு வேண்டிச் சென்னைக் கடலோரத்தில் இதைப் பெருமளவில் வளர்த்தார்கள். பைன் ஊசியானாலும் சவுக்கு ஊசியானாலும் காய்ந்து பாதையில் கிடந்தால் சக்கரம் வழுக்கும் என்பதில் மட்டும் வேற்றுமை இல்லை.

ஆனால் கடற்கரை நமக்குத் தொலைவு. நமக்கு அண்மையில் உள்ளவை ஏரிகள். முற்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்று சிறப்பித்துக் கூறுவர். அதிலிருந்து 1997ஆம் ஆண்டு பிரிந்ததே நம் திருவள்ளூர் மாவட்டம். ஆவடி, பருத்திப்பட்டு, திருநின்றவூர், அம்பத்தூர், கொரட்டூர், பாலவேடு என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் ஓர் ஏரியின் பெயராக இருக்கும். ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு கரை உண்டு. கரையின் மேல் ஒரு வண்டித்தடம் உண்டு. ஏரியைக் கட்டிய முன்னோர் மிதிவண்டியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். இருப்பினும் மேடு பள்ளம் அதிகமின்றி, ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் வயலும் தெரியும்படி, உயரத்தில் வளைந்து செல்லும் அந்தப் பாதையைவிடச் சிறந்த மிதிவண்டிப் பாதையை யார் அமைக்க முடியும்?

கரையில் போகும்போது பார்க்க வேண்டியவற்றைத் தெரிந்துகொண்டு போனால் இன்பம் இரட்டிப்பாகும். ஏரிக்கு நீர் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். நிறைந்தபின் மிகுதி நீர் வழிந்து செல்லும் இடம் கலங்கல். வயலுக்கு நீர் திறந்துவிடும் இடம் மதகு. ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரியின் வரத்தாகிறது. அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் போவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாடு முழுவதும் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் இப்படிச் சங்கிலி சங்கிலியாய்ப் பிணைந்தும் தனித்தும் கிடக்கின்றன. ஏரியின் நீர் பிடிக்கும் உட்பகுதியில் கருவேல மரங்கள் நிற்பதைக் காணலாம். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின் கீழ்ப் பல ஏரிகளில் இவற்றை நட்டார்கள். நீருக்குள் நிற்கும் அந்த மரங்களின் மேல் நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்வதும், கீழே முக்குளிப்பான் 'டுபுக்'கென்று மூழ்கி எங்கோ எழுவதும், ஆகாயத்தாமரைக்கிடையே நீலத் தாழைக்கோழி நெட்டைக் கால் வைத்து நடப்பதும் காணக் கண் கோடி வேண்டும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருக்கும். பேருந்தில் போகும்போது அந்த இடைவெளி நம் கண்ணுக்குப் படுவதில்லை. நடந்து போனால் பத்து ஏரிகளைப் பார்க்கப் பத்து நாளாகும். மிதிவண்டியின் வேகமே இதற்கு அளவான வேகம்.

இனி வண்டிக்கு வருவோம். கிராவல் பைக்கில் பந்தய வண்டியைப்போல் வளைந்த கைப்பிடி உண்டு. ஆனால் டயர் மட்டும் அகலம். பந்தய வண்டியின் டயர் நெடுங்காலம் 23 மில்லிமீட்டர்தான் இருந்தது. இப்போது 28ஐயும் தாண்டி வந்துள்ளது. கிராவல் பைக்கிலோ 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை. இப்பொழுது உங்கள் வீட்டு வராந்தாவில் சாத்தி வைத்திருக்கும் தாத்தாவின் சைக்கிளிடம் சென்று, டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைத் துடைத்துப் படியுங்கள். 28 × 1½ என்றிருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர்! ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து மேல்நாட்டார் வாங்கும் அகலம் நம் பால்காரரின் வண்டியில் எப்போதோ வந்துவிட்டது. 1949ஆம் ஆண்டு தோன்றி, நம் அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும் ஏனையோரும் இந்த அளவிலேயே இலட்சக்கணக்கான வண்டிகளைச் செய்தார்கள். காரணம் எளிது. அன்று ஊர்ப் பாதைகளெல்லாம் சரளைப் பாதைகளாகவே இருந்தன.

அகலமான டயர் ஏன் வேண்டும்? இதற்கு நம் அறிவியல் பாடத்தில் உள்ள ஒரு வாய்பாடு போதும்: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. பெண்ணும் வண்டியும் சேர்ந்து 65 கிலோ, அதாவது சுமார் 140 பவுண்டு எடை என்று வைத்துக்கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காற்று அடித்தால், இரண்டு டயரும் சேர்ந்து தோராயமாக மூன்றரைச் சதுர அங்குலம் தரையைத் தொடும். ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பரப்பு. பந்தய வண்டிபோல் 100 பவுண்டு அடித்தாலோ ஒன்றரைச் சதுர அங்குலம்கூட இல்லை. அதனால் மணலில் கத்திபோல் இறங்கிவிடும்.

காற்றைக் கல்போல் அடித்தால் வண்டி வேகமாகப் போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தார்ச் சாலையில் அது ஓரளவு உண்மை. சரளையில் நடப்பது வேறு. ஒவ்வொரு கல்லின் மேலும் கெட்டியான டயர் ஏறும்போது, வண்டியும் அதன் மேல் இருக்கும் நாமும் சிறிது மேலே தூக்கப்படுகிறோம். அப்படித் தூக்குவதற்கான ஆற்றல் நம் காலிலிருந்தே போகிறது. கொஞ்சம் மென்மையான டயராக இருந்தால், கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, நம்மைத் தூக்காமல் கடந்துவிடும். காற்றடைத்த டயரைத் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து, 1888ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற டன்லப் என்ற கால்நடை மருத்துவரின் நோக்கமும் குலுங்காமல் போக வேண்டும் என்பதே. (அவருக்கு முன்பே 1845ஆம் ஆண்டு தாம்சன் என்பவர் இதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்திருந்தார், பாவம், அதை உலகம் மறந்துவிட்டது.) அதற்காகக் காற்றை மிகவும் குறைத்துவிடவும் கூடாது. கல்லில் ஏறும்போது டியூப், கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். அதுவே ஏரிக்கரைக்கு ஏற்ற காற்று என்பது எங்கள் பட்டறிவு.

நம் வண்டியில் இல்லாதவையும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. முதலாவது, கியர். எங்கள் தோழி ஒருத்தியின் சைக்கிளில் பெடல் பக்கப் பல்சக்கரத்தில் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல் என்று எண்ணினோம். சக்கரத்தின் சுற்றளவு சுமார் இரண்டேகால் மீட்டர். ஆக, பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடும். சமதரைக்கு இது நன்று. கிராவல் பைக்கிலோ முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கைப் பல் வரும்படி மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டரே நகரும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்காது. நமக்கு அது இல்லாததால், கரையின் சரிவில் ஏறும்போது இறங்கி உருட்டிக்கொண்டு போவதே நல்லது. இரண்டாவது, பிரேக். நம் வண்டியின் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கிறது. ரிம் நனைந்தால் பிடி நழுவும். அவர்களுடையது சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கிறது. ஆகவே மழை நாளில் கரையிலிருந்து இறங்கும்போது வண்டியில் உட்கார்ந்தபடி இறங்கவே கூடாது. மூன்றாவது, மட்கார்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையின் களிமண் டயரில் ஒட்டி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். குச்சியால் குத்தி எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

சீமைக்கருவேல முள்ளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இத்தாலியில் போகிறவர்கள் டயருக்குள் டியூபே இல்லாமல், ஒருவகைப் பால் போன்ற திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். முள் குத்தினால் அத்திரவமே ஓட்டையை அடைத்துவிடும். நமக்கு முக்குச் சைக்கிள் கடை அண்ணாச்சியே துணை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் குறித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுவதை அவரிடமே பார்த்துக் கற்றுக்கொண்டோம். ஒன்று மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஒட்டுறதுக்கு முன்னாடி டயரோட உள்பக்கம் விரலால தடவி முள்ளை எடுங்கம்மா. முள்ளை உள்ளே விட்டுட்டு ஒட்டினா அடுத்த தெருவுலயே மறுபடி இறங்கிடும்."

இனி, இதைப் படிக்கும் பெற்றோருக்குச் சில சொல்ல விரும்புகிறோம். எங்கள் வகுப்பில் ஏழாம் வகுப்பு வரை மிதிவண்டியில் வந்தவர்களில் பாதிப்பேர்கூட இன்று அதில் வருவதில்லை. வண்டி பழுதாகவில்லை, வீட்டில் 'இனி வேண்டாம்' என்றார்கள். தமிழக அரசு பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும், விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகிறது. சைக்கிள் கைக்கு வரும் அதே வயதில்தான் பெண்ணைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடும் வழக்கமும் இருக்கிறது. பிறகு அந்த வண்டியைத் தம்பி ஓட்டுகிறான்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததை எங்கள் தாய்மார்களில் சிலர் அறிவார்கள். அறிவொளி இயக்கத்தின்போது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தார்கள். வயலில் வேலை செய்வோர், கல்குவாரித் தொழிலாளர், செவிலியர், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று கொடி கட்டி, மணி அடித்து ஊர்வலமாகவே சென்றார்கள். கடைகளில் பெண்களுக்கான சைக்கிள் தீர்ந்துபோனபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். முன்னால் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே நல்லது என்று கருதினவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியதால் நாடெங்கும் தெரிந்தது. அந்தப் பெண்கள் சென்றதெல்லாம் பெரும்பாலும் மண்பாதையே.

'ஏரிக்கரை ஆள் நடமாட்டம் இல்லாத இடமாயிற்றே' என்ற அச்சத்தை நாங்கள் அற்பமாக நினைக்கவில்லை. ஆகவே நாங்கள் கண்ட வழி இது: ஐந்து பேருக்குக் குறையாமல் போவது, கூட ஓர் அம்மாவோ அக்காவோ வண்டியில் வருவது, காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் திரும்புவது, எந்தக் கரை, எந்த வழி என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போவது. உடன் வரும் அக்காவிடம் மட்டும் செல்பேசி. விமானப்படை நிலையத்தின் மதிலோரம் போகும்போது படம் எடுப்பதில்லை. முதல்முறை இரண்டு வீடுகளில்தான் சம்மதித்தார்கள். மூன்றாம் முறை, பெரும் எதிர்ப்பாக இருந்த ஒரு தோழியின் அம்மாவே, பதினெட்டு ஆண்டுகளாகத் தொடாத சைக்கிளைத் துடைத்துக்கொண்டு எங்களுடன் வந்துவிட்டார். சற்றுத் தடுமாறிப் பிறகு எங்களுக்கு முன்னே போய்விட்டார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு வருத்தம் தரும் செய்தியும் ஒன்று உண்டு. சவுடு மண் ஏற்றும் லாரிகள் செல்லும் கரைகளில் தடம் முழங்கால் ஆழம் பள்ளமாகியிருக்கிறது. மிதிவண்டிச் சக்கரத்தால் கரைக்குத் தீங்கில்லை. லாரிச் சக்கரத்தால் உண்டு. கரை பலவீனமானால் மழையில் உடைப்பு எடுக்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு சில இடங்களில் குப்பை கொட்டிக் கொட்டியே ஏரியைச் சுருக்குகிறார்கள். இதற்கு மாறாக, பருத்திப்பட்டு ஏரியைச் சீர்திருத்தி, நடைபாதையும் நடுவில் பறவைகளுக்குத் திட்டும் அமைத்து 2019ஆம் ஆண்டு பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். அது நடப்பவர்களுக்கான பாதை. எனினும் மாலையில் கூழைக்கடா இறங்குவதைப் பார்க்க அங்கே ஒருமுறையேனும் போக வேண்டும்.

தொலைவாகப் போக விரும்புவோர் வடக்கே தாமரைப்பாக்கம் அணைக்கட்டு வரை செல்லலாம். அங்கே குறுக்கிடுவது கொசஸ்தலை ஆறு. மேற்கே இதே ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டதுதான் 1944ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம். அதற்காகப் பாடுபட்ட சென்னை மேயர் சத்தியமூர்த்தி அவர்கள் அது திறக்கப்படுவதற்கு முந்திய ஆண்டே காலமானார். அவர் பெயரையே நீர்த்தேக்கம் தாங்கி நிற்கிறது. தாமரைப்பாக்கத்தில் திருப்பிவிடப்படும் நீர் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழலுக்கும் போய், சென்னை மக்களின் குடத்தில் நிறைகிறது. போக வர ஒருநாள் முழுவதும் வேண்டும் என்பதால் இதைப் பொங்கல் விடுமுறைக்கு ஒதுக்கியிருக்கிறோம். அப்போது மழை நின்று, கரை காய்ந்து, ஆற்றில் நீரும் மீதமிருக்கும். கட்டுச்சோறும், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும், ஒரு கைப்பம்பும், பஞ்சர் ஒட்டும் சாமானும் எடுத்துக்கொள்வோம். பின்சக்கரத்தின் மேல் கேரியர் இல்லாத வண்டி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடவும். சோற்றுத் தூக்கை யார் வண்டியில் கட்டுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.